எண்டோமெட்ரியோசிஸ் இருக்கு, குழந்தைக்கு ட்ரை பண்றோம், ஆறு மாசம் மாற்று சிகிச்சை போகலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 33. ரெண்டு வருஷமா குழந்தைக்கு ட்ரை பண்றோம். போன வருஷம் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியா பண்ற ஆபரேஷன்) பண்ணி எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ற நோய்) ஸ்டேஜ் 3ன்னு சொல்லி இடது ஓவரில இருந்த சாக்லேட் சிஸ்ட்டை எடுத்தாங்க. இப்ப அதே பக்கம் 3 செ.மீ.ல மறுபடி சிஸ்ட்னு ஸ்கேன்ல வந்திருக்கு. ஏஎம்எச் (ஓவரியில முட்டை இருப்பைக் காட்டற ரத்தப் பரிசோதனை) 1.4. ஐவிஎஃப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்றாங்க, எனக்குத்தான் மனசு வரல. தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொல்லி ஒரு இடத்துல விசாரிச்சேன், மூலிகை மருந்து, அக்குபங்சர், டயட் எல்லாம் சேர்த்து ஆறு மாச கோர்ஸ், சிஸ்ட் கரைஞ்சு இயற்கையாவே தங்கிடும்னு சொல்றாங்க. ஆனா அந்த ஆறு மாசமும் வேற எந்த மாத்திரையும் எடுக்கக்கூடாது, ஸ்கேன் டெஸ்ட் எதுவும் வேண்டாம்னு கண்டிஷன். போகலாமா? இன்னொண்ணு, சொல்லவே கூச்சமா இருக்கு, சேரும்போது உள்ள ரொம்ப வலிக்குது, அதனால மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவைதான்.

பதில்: கூச்சப்பட்டு கடைசியா எழுதினீங்களே, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க கடிதத்துலயே எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது அதுதான். கர்ப்பப்பைக்குப் பின்னாடி, அதைத் தாங்கிப் பிடிக்கிற தசைநார்கள்லயும் மலக்குடலை ஒட்டின இடத்துலயும் இந்த நோய் இருந்தா ஆழமா போகும்போது உயிர் போற மாதிரி வலிக்கும், அது உங்க மனசுல இருக்குற பயமோ வெறுப்போ இல்ல, அங்க நிஜமாவே புண்ணும் ஒட்டலும் இருக்கு. இதை உங்க டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களான்னு தெரியல, நிறைய பேர் சொல்றதே இல்ல, டாக்டர்களும் கேக்கறதில்ல.

இதை ஏன் முதல்ல எடுத்தேன்னா, முட்டை வெளிய வந்தப்புறம் 12ல இருந்து 24 மணி நேரம்தான் உயிரோட இருக்கும், விந்தணு உள்ள அதிகபட்சம் அஞ்சு நாள் தாங்கும், ஆக மாசத்துல கரு தங்க வாய்ப்புள்ள நாள்னு பார்த்தா முட்டை வர்ற நாளையும் சேர்த்து ஆறே நாள். மாசத்துக்கு ஒரு தடவைன்னா அது இந்த ஆறு நாளுக்குள்ள விழுந்த மாசம் எத்தனைன்னு நீங்களும் உங்க கணவரும் உக்காந்து எண்ணிப் பாருங்க. ரெண்டு வருஷம் ட்ரை பண்ணோம்ங்கறது நிஜத்துல ஏழெட்டு மாச முயற்சியா கூட இருக்கலாம். குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல, உங்களுக்கு இயற்கையா வாய்ப்பு எவ்வளவு இருக்குன்னு இன்னும் சரியா சோதிச்சே பார்க்கலைன்னு சொல்ல வர்றேன். வலி குறைய வழி இருக்கு, ஆழம் உங்க கட்டுப்பாட்டுல இருக்குற மாதிரி பொசிஷன் மாத்திப் பாருங்க, இடுப்புத்தள தசைக்குன்னே தனியா பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் இருக்காங்க, வருஷக்கணக்கா வலியில இறுகிப்போன தசைகளை தளர்த்த அவங்க சொல்லிக் கொடுப்பாங்க. லூப்ரிகன்ட் போடறதா இருந்தா விந்தணுவைப் பாதிக்காத வகையான்னு பார்த்து வாங்குங்க, சாதாரணமா கிடைக்கிறதுல பல வகை விந்தணுவோட ஓட்டத்தைக் குறைக்கும்.

வலி மாத்திரை பத்தியும் இங்கயே சொல்லிடறேன். மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகளை பீரியட்ஸ் நாள்ல டாக்டர் சொன்ன அளவுல போடறதுல கர்ப்பத்துக்குத் தடை எதுவும் இல்ல, ஆனா முட்டை வர்ற நாட்கள்ல தொடர்ந்து போட்டா சில பேருக்கு முட்டைப் பை உடையாமலே நின்னுபோகலாம், அப்ப முட்டை வெளியவே வராது. அதனால மாச நடுவுல வலி வந்தா பாரசிட்டமால் போதுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

சரி, அந்த ஆறு மாச கோர்ஸ். வலி குறையணும்ங்கறது ஒண்ணு, குழந்தை தங்கணும்ங்கறது வேற ஒண்ணு. இந்த ரெண்டையும் சேர்த்துப் போட்டு பேசறதுனாலதான் இந்த நோய்ல இவ்வளவு குழப்பம். ஆங்கில மருந்துலயும் இதே கதைதான், டையனோஜெஸ்ட்ங்கற ஹார்மோன் மாத்திரை, கருத்தடை மாத்திரை, மாசம் ஒரு ஹார்மோன் ஊசின்னு கொடுக்கறதெல்லாம் வலியை நல்லா அடக்கும், ஆனா எடுக்கற வரைக்கும் முட்டை வராது, நிறுத்தின பிறகு தானா தங்கற வாய்ப்பும் கூடாது. அதனாலதான் 2022ல வந்த ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவ சங்கத்தோட வழிகாட்டுதல், கர்ப்பம் தங்கறதுக்காகன்னு இந்த ஹார்மோன் மருந்துகளைக் கொடுக்கவே வேண்டாம்னு தெளிவா சொல்லுது. அக்குபங்சருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அக்குபங்சர்ல ஓரளவு நிவாரணம் கிடைக்குதுன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, எடுத்துக்கிற வரைக்கும் வலி குறையுது, தூக்கம் வருது, ஆசை இருந்தா தாராளமா போங்க, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தற ஊசிதானான்னு மட்டும் பார்த்துக்கோங்க. ஆனா கர்ப்பத்துக்குன்னு வரும்போது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ஐவிஎஃப் பண்ணிக்கிட்ட 848 பெண்கள்கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க, 2018ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு நிஜ அக்குபங்சர், மீதிப் பேருக்கு தோலைத் துளைக்காத போலி ஊசி. குழந்தை பிறந்தது நிஜ ஊசி போட்டவங்கள்ல 18.3 சதவீதம், போலி ஊசியில 17.8 சதவீதம். அவங்க எல்லாருக்கும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லதான், இருந்தாலும் ஊசி போட்டா தங்கிடும்னு யாராவது அடிச்சு சொன்னா இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க. யோகா, நடைப்பயிற்சி, அடிவயித்துல சூடு வைக்கறது எல்லாம் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, பண்ணுங்க.

சிஸ்ட் கரையும்னு சொல்றதுல எனக்கு உடன்பாடே இல்ல. சாக்லேட் சிஸ்ட்ங்கறது மாசாமாசம் ரத்தம் கசிஞ்சு தேங்கி பழசாகி கெட்டியான ஒரு பை, அந்தப் பையோட சுவரே நோயுள்ள திசு, குடிக்கிற மருந்து அதைப் போய் கரைச்சதா நம்பும்படியான ஆதாரம் இல்ல. பின்ன எப்படி சில பேருக்கு கரைஞ்சுதுன்னு கேப்பீங்க. முட்டைப் பை உடைஞ்ச இடத்துல சில சமயம் ரத்தம் தேங்கி ஒரு சிஸ்ட் வரும், அது ஸ்கேன்ல பார்க்க சாக்லேட் சிஸ்ட் மாதிரியே தெரியும், ரெண்டு மூணு மாசத்துல எந்த மருந்தும் இல்லாம தானா மறைஞ்சுடும். அந்த நேரத்துல யார் எந்தக் கஷாயம் கொடுத்திருந்தாலும் பேரு கஷாயத்துக்குத்தான் போகும். உங்களுக்கு இப்ப வந்திருக்கறது கூட அப்படி ஒண்ணா இருக்கலாம், அதனால ஆறுல இருந்து பன்னிரண்டு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துதான் முடிவு பண்ணணும், அவங்க என்னடான்னா ஸ்கேனே வேண்டாங்கறாங்க.

அந்தக் கண்டிஷன்தான் எனக்குப் பெரிய கவலை. எந்த மாத்திரையும் வேண்டாம்னா முதல்ல நின்னு போறது ஃபோலிக் ஆசிட். கரு உருவாகி 28 நாளுக்குள்ள குழந்தையோட முதுகுத்தண்டும் மூளையும் உருவாகிற குழாய் மூடிடும், அப்பதான் நிறைய பேருக்கு பீரியட்ஸ் தள்ளிப்போச்சேன்னு சந்தேகமே வரும், அதனால ட்ரை பண்ற காலம் முழுக்க தினமும் குறைஞ்சது 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் போயிட்டே இருக்கணும், இதை யார் சொல்லியும் நிறுத்தாதீங்க. தைராய்டு மாத்திரை ஏதாவது எடுக்கறவங்களா இருந்தா அதுக்கும் இதேதான்.

மூலிகைன்னாலே பயப்படணும்னு நான் சொல்லல, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத மூலிகையைத்தான் வேண்டாங்கறேன். லேபிள் இல்லாத பொடி, பேர் சொல்லாத லேகியம், எங்க ஃபார்முலா ரகசியம்னு சொல்ற மருந்து எதையும் குழந்தைக்கு ட்ரை பண்ற பொண்ணு சாப்பிடக்கூடாது. சில தயாரிப்புகள்ல ஈயம், பாதரசம் இருந்தது பரிசோதனைகள்ல தெரியவந்திருக்கு, ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் போகும். கல்லீரலைக் கெடுக்கற மூலிகையும் உண்டு, கர்ப்பப்பையை சுருங்க வைக்கறதும் உண்டு, நீங்க ஒவ்வொரு மாசமும் பின்பாதியில கர்ப்பமா இருக்க வாய்ப்பு உள்ளவங்கங்கறதை மறந்துடாதீங்க. கடையில விக்கற விட்டமின் சப்ளிமென்ட்டையும் பார்த்து எடுங்க, ரெட்டினால் வகை விட்டமின் ஏ அதிக அளவுல கருவுக்கு ஆபத்து, பயோட்டின் அதிகமா இருந்தா தைராய்டு மாதிரி சில ரத்தப் பரிசோதனையோட ரிசல்ட்டே தப்பா வரும்.

டயட் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. இதைச் சாப்பிட்டா எண்டோமெட்ரியோசிஸ்ல கர்ப்பம் தங்கும்னு நிரூபணமான உணவு எதுவும் கிடையாது, அதையும் இதையும் ஒதுக்கி ஒதுக்கி கடைசியில உடம்பு இளைச்சு ரத்தசோகையில வந்து நிக்காதீங்க.

இப்ப நான் என்ன பண்ணச் சொல்றேன்னு கேளுங்க. உங்க கடிதம் முழுக்க தேடிப் பார்த்தேன், உங்க கணவரோட விந்துப் பரிசோதனை பத்தி ஒரு வார்த்தை இல்ல. பொண்ணுக்கு ஒரு நோய் பேர் கிடைச்சிட்டா போதும், ஆணை டெஸ்ட் பண்ணவே மறந்துடறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். அதை இந்த வாரமே பண்ணுங்க, கத்தி இல்ல ஊசி இல்ல, ஒரு சாம்பிள் கொடுக்கறதுதான். அதுல ஏதாவது குறை இருந்தா சரி பண்ணி பலன் தெரிய மூணு மாசம் ஆகும், விந்தணு உருவாகவே அவ்வளவு காலம் எடுக்கும்.

அடுத்தது, போன வருஷ ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அதுல ரெண்டு குழாயும் எப்படி இருந்துச்சு, சாயம் விட்டுப் பார்த்தாங்களா, குழாயோட நுனி விரல்கள் ஒட்டிப்போயிருந்துச்சா, ஓவரி நகர்ற மாதிரி இருந்துச்சா எல்லாம் எழுதியிருப்பாங்க. இதோட உங்க வயசு, எத்தனை வருஷமா ட்ரை பண்றீங்க, முன்னாடி கர்ப்பம் தங்கியிருக்கா எல்லாம் சேர்த்து எண்டோமெட்ரியோசிஸ் ஃபெர்டிலிட்டி இன்டெக்ஸ்னு பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் ஒரு மார்க் போடலாம். ஸ்டேஜ் 3ங்கறதை விட இந்த மார்க்தான் உங்களுக்கு உபயோகம். மார்க் நல்லா இருந்து விந்தணுவும் சரியா இருந்தா, வலிக்கு வழி பண்ணிக்கிட்டு சரியான நாட்கள்ல ஒரு ஆறு மாசம் இயற்கையா ட்ரை பண்ணலாம், கூடவே அக்குபங்சர், யோகா எது வேணா எடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஆறு மாசம்னா ஆறு மாசம்தான், முடியற தேதியை இப்பவே குறிச்சு வைங்க. மார்க் குறைவா இருந்தாலோ குழாய் அடைச்சிருந்தாலோ எந்தக் கோர்ஸும் அந்தக் குழாயைத் திறக்காது, அப்ப காத்திருக்கறது நஷ்டம்.

ஏஎம்எச் 1.4 பார்த்து ராத்திரி தூங்காம இருக்காதீங்க. ஐவிஎஃப்ல ஊசி போட்டா எத்தனை முட்டை கிடைக்கும்னு சொல்லத்தான் அந்த நம்பர், இயற்கையா தங்குமா தங்காதான்னு அது சொல்லாது. ஆனா ஓவரியில ஆபரேஷன் பண்ணா அது குறையும், அதனால இந்த 3 செ.மீ. சிஸ்ட்டுக்காக அவசரப்பட்டு மறுபடி ஆபரேஷனுக்கு ஒத்துக்காதீங்க, தாங்க முடியாத வலி, பார்க்க சந்தேகமா இருக்கு, முட்டை எடுக்க வழி மறைக்குதுன்னு ஏதாவது காரணம் இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

ஐவிஎஃப்க்கு மனசு வரலன்னு எழுதியிருக்கீங்க, ஏன்னு எழுதல. ஹார்மோன் ஊசியால நோய் பெருகிடும்னு பயமா இருந்தா, அப்படி நோய் திரும்ப வர்றது அதிகமாகறதில்லன்னு அதே 2022 வழிகாட்டுதல் சொல்லுது. இனிமே இயற்கையா முடியாதுன்னு ஒத்துக்கற மாதிரி இருக்கேன்னு வலிச்சா, அதைக் கணவர்கிட்டயும் கவுன்சிலர்கிட்டயும் பேசுங்க, ரெண்டு மாசம் கழிச்சு முடிவு பண்ணா கூட பரவாயில்ல, அந்த ரெண்டு மாசத்துல டெஸ்ட் எல்லாம் முடிஞ்சிருக்கட்டும். அந்த இடத்துக்கு மறுபடி ஃபோன் பண்ணி, நான் ஃபோலிக் ஆசிட் எடுப்பேன், ஸ்கேனும் பார்ப்பேன், மருந்துல என்னென்ன இருக்குன்னு எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க. முடியாதுன்னு சொன்னா அங்க போகாதீங்கம்மா.

எந்த வழியில பாசிட்டிவ் வந்தாலும் சரி, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கறவங்களுக்கு கரு குழாய்லயே தங்கிடற ஆபத்து மத்தவங்களை விடக் கொஞ்சம் அதிகம், அதனால கடைசி பீரியட்ஸ்ல இருந்து ஆறு வாரம் ஆகும்போது கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கான்னு ஸ்கேன்ல பார்த்துடணும். அதுக்கு முன்னாடியே ஒரு பக்கமா கடுமையான வலி, தோள்பட்டை வலி, தலைசுத்தல், ரத்தப்போக்குன்னு எது வந்தாலும் வழக்கமான எண்டோ வலிதானேன்னு மாத்திரை போட்டுக்கிட்டு படுத்திருக்காதீங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.