போக்கிமான் இரட்டையர் போட்டிக்கு வானிலை அணி: கேள்வி பதில்

மழை, வெயில், மணற்புயல், பனி இவற்றில் ஒன்றை வரவழைத்து அதன் பலத்தில் ஆடுவதே வானிலை அணி. ஸ்கார்லெட், வயலட் என்னும் போக்கிமான் ஆட்டங்களின் இரட்டையர் போட்டியை மனத்தில் வைத்து இந்த விடைகளை எழுதுகிறேன். ஆறு போக்கிமான்களை எதிராளிக்குக் காட்டி, அவற்றுள் நான்கை மட்டும் களமிறக்கும் முறை அது. எல்லாம் 50ஆம் நிலையில் மோதும்.

கேள்வி: அண்ணா, மழை அணி அமைக்கிறேன். ஆறும் நீர் வகையாக இருந்தால் பலன் கூடுதலாகக் கிடைக்காதா?

கிடைக்காது. மழை நீர்த் தாக்குதலை ஒன்றரை மடங்காக்கி, நெருப்புத் தாக்குதலைப் பாதியாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ஆறும் நீராக இருந்தால், எதிராளி ரிலாபூம், அமூங்கஸ் போன்ற, நீரைத் தாங்கும் ஒரு புல் வகையை நிறுத்திய மாத்திரத்தில் அந்தக் கூடுதல் பலமெல்லாம் வீணாகிவிடும். மழையை வரவழைக்கப் பெலிப்பர், மழையால் நேரடியாகப் பயன்பெறும் இரண்டு, மழையே இல்லாவிட்டாலும் தன் வேலையைச் செய்யும் மூன்று என்று தொடங்குங்கள்.

பயன்பெறுவது நீர் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பரில் வந்த ஆர்க்காலுடான் எஃகும் டிராகனும் கலந்தது. அதன் எலக்ட்ரோ ஷாட் என்னும் மின்தாக்குதல் வழக்கமாக ஒரு சுற்று முழுவதும் ஆற்றல் சேர்த்து அடுத்த சுற்றில்தான் பாயும். மழையில் அதே சுற்றில் பாய்வதோடு அதன் சிறப்புத் தாக்கு வலிமையையும் ஒரு படி உயர்த்திவிடும். நிலம், சண்டை ஆகிய இரண்டு வகைகளுக்கு மட்டுமே அது அஞ்ச வேண்டும். இன்சினரோர் நெருப்பு வகை என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். மழை அதன் நெருப்பைத்தான் தணிக்கும்; இறங்கியதும் எதிரியைத் தடுமாற வைக்கும் ஃபேக் அவுட்டையும், எதிரிகளின் தாக்கு வலிமையைக் குறைக்கும் இன்டிமிடேட்டையும் தொடாது.

கேள்வி: மழை எத்தனை சுற்று நீடிக்கும்? டாம்ப் ராக் கொடுப்பது அவசியமா?

ஐந்து சுற்று; மழையை வரவழைப்பதன் கையில் டாம்ப் ராக் என்னும் பொருள் இருந்தால் எட்டு. நடுச்சுற்றில் பெலிப்பரை மாற்றி இறக்கினால் அந்தச் சுற்றும் கணக்கில் சேரும். இரட்டையர் போட்டியில் டாம்ப் ராக்கை விட, உயிர் நிறைந்திருக்கும்போது ஒரே அடியில் வீழாமல் காக்கும் ஃபோக்கஸ் சாஷையே நான் விரும்புவேன். நீரும் பறத்தலும் கலந்த பெலிப்பருக்கு மின்தாக்குதல் நான்கு மடங்காக விழும். முதல் சுற்றிலேயே அது வீழ்ந்துவிட்டால், அணியின் வேகத்தை இரட்டிப்பாக்கும் டெயில்விண்டும் போய்விடும், மழையைத் திரும்பக் கொண்டுவரும் வழியும் அடைபடும்.

கேள்வி: பழைய ஆட்டக்காரர்கள் மழை நிற்கவே நிற்காது என்கிறார்களே?

அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. 2013இல் எக்ஸ், வொய் ஆட்டங்கள் வரும் வரை, போக்கிமானின் பிறவித் திறனால் வந்த வானிலை வேறொன்று வந்து மாற்றும்வரை நீடித்தது. ஆட்டத் தொடரின் ஐந்தாம் தலைமுறையில், இறங்கியதும் மழையை வரவழைக்கும் ட்ரிசில் திறன் பொலிடோடுக்குக் கிடைத்தபோது, மழையில் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஸ்விஃப்ட் ஸ்விம் திறன் உள்ளவற்றை அதனுடன் ஒரே அணியில் சேர்க்கக் கூடாது என்று ஸ்மோகன் என்னும் ரசிகர் தளம் தன் ஒற்றையர் போட்டியில் 2011இல் தடை விதிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நான் பெலிப்பருடன் தொடங்கும்போதெல்லாம் எதிராளி டோர்கோலுடன் தொடங்கி வெயிலைக் கொண்டுவந்துவிடுகிறார். இதற்கு என்ன செய்வது?

மழை அணி வைத்திருப்பவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கினால் வேகமானதன் திறன் முதலில் செயல்படும்; மெதுவானது பிறகு வந்து அதை அழித்துவிடும். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65, டோர்கோலின் வேகம் 20. ஆகவே அந்தத் தொடக்கத்தில் வெயிலே நிற்கும். எதிரணியில் டோர்கோலைக் கண்டால் பெலிப்பரைப் பின்னால் வைத்துக்கொண்டு, டோர்கோல் இறங்கிய பிறகு மாற்றிக் கொண்டுவாருங்கள். மாற்றம் எல்லாத் தாக்குதல்களுக்கும் முன்னதாக நடப்பதாலும், எட்டாம் தலைமுறை முதல் வேகம் சுற்றின் நடுவிலேயே மறுபடி கணக்கிடப்படுவதாலும், பெலிப்பர் நுழையும் அதே சுற்றில் பக்கத்திலிருக்கும், ஸ்விஃப்ட் ஸ்விம் கொண்ட கிங்ட்ரா இரட்டை வேகத்துடன் மழையில் தாக்கும். டோர்னாடஸிடம் தாக்காத உத்திகளை முந்திச் செய்ய வைக்கும் ப்ராங்க்ஸ்டர் திறன் இருப்பதால், அதற்கு மழையை வரவழைக்கும் ரெயின் டான்ஸ் உத்தியைக் கற்றுக்கொடுத்து இரண்டாவது மழைக்காரனாக வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

கேள்வி: ஸ்விஃப்ட் ஸ்விம் இருக்கும்போது வேகத்தில் முழு முயற்சிப் புள்ளிகளையும் (பயிற்சியால் சேர்வன) போட வேண்டுமா?

எதை முந்த வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேகத்தை உயர்த்தும் இயல்பும் முழுப் புள்ளிகளும் கொண்ட கிங்ட்ராவின் வேகம் 150, மழையில் 300. அதே இயல்பும் புள்ளிகளும் கொண்ட ஃப்ளட்டர் மேனின் வேகம் 205. பூஸ்டர் எனர்ஜி என்னும் பொருளால் அதன் வேகம் ஒன்றரை மடங்கானால் 307. அதாவது எல்லாவற்றையும் கொட்டினாலும் அந்த ஒன்றை முந்த முடியாது. 205ஐ முந்தினால் போதும் என்றால், இயல்பை வலிமைக்கு மாற்றினாலும் மழையில் 274 கிடைக்கிறது. அவ்வளவு தேவையில்லை என்பதால் வேகப் புள்ளிகளைக் குறைத்து, மிஞ்சியதை உயிர்ப்புள்ளிக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: வெயில் அணியில் டோர்கோலையும் வீனஸாரையும் ஏன் எப்போதும் சேர்த்தே வைக்கிறார்கள்?

வெயிலில் குளோரோஃபில் வீனஸாரின் வேகத்தை இரட்டிப்பாக்குவதால் அது முந்திக்கொண்டு தூக்கப்பொடி தூவும். டோர்கோல் நிதானமாக எரப்ஷன் என்னும் நெருப்புத் தாக்குதலை வீசும். உயிர்ப்புள்ளி நிறைந்திருக்கும்போது எரப்ஷனின் வலிமை 150. உயிர் குறையக் குறைய அதுவும் குறையும். மெதுவானதை முந்தவைக்கும் ட்ரிக் ரூம் விரித்தால் டோர்கோலே முதலில் தாக்கும், ஆனால் வெயிலால் வேகம் பெற்ற வீனஸார் அங்கே கடைசியாகிவிடும். எனவே எந்த முறையில் ஆடப் போகிறீர்கள் என்பதை நான்கைத் தேர்ந்தெடுக்கும்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மணற்புயல் இன்னும் பயன்படுமா?

பயன்படும். டைரனிடாரின் சிறப்புத் தற்காப்பு மணலில் ஒன்றரை மடங்காகிறது. எக்ஸ்கட்ரிலின் வேகம் இரட்டிப்பாகிறது. பாறை, நிலம், எஃகு அல்லாதவை சுற்றுக்குப் பதினாறில் ஒரு பங்கு உயிரை இழப்பதால் எதிராளியின் ஃபோக்கஸ் சாஷ் பயனற்றுப் போகும். உங்கள் சாஷுக்கும் அதே கதிதான்.

கேள்வி: அலோலா நைன்டேல்ஸின் அரோரா வேய்ல் (Aurora Veil) என்னும் தற்காப்புத் திரை அடிக்கடி தோற்றுப்போகிறது. ஏன்?

பனி இருந்தால் மட்டுமே அந்தத் திரையை விரிக்க முடியும். நைன்டேல்ஸின் அடிப்படை வேகம் 109 என்பதால், மற்ற வானிலைக்காரர்களுடன் ஒன்றாக இறங்கும்போது அதன் பனியே முதலில் வந்து அழிந்துவிடுகிறது. ஒருமுறை விரித்துவிட்டால் பின்னர் பனி போனாலும் திரை நீடிக்கும். ஆகவே எதிரணியில் டோர்கோலோ பெலிப்பரோ இருக்கும்போது, அவை ஏற்கெனவே இறங்கியிருக்கும் வேளையில் நைன்டேல்ஸை மாற்றி இறக்கி, அடுத்த சுற்றில் திரையை விரியுங்கள்.

கேள்வி: மழை நிற்பதற்கு முன்பே பெலிப்பரை மீண்டும் இறக்கினால் ஐந்து சுற்று புதிதாகத் தொடங்குமா?

தொடங்காது. மழை பெய்துகொண்டிருக்கும்போது ட்ரிசிலுக்கு எந்த விளைவும் இல்லை. பழைய கணக்கே ஓடும். மூன்றாம் சுற்றில் அவசரப்பட்டுப் பெலிப்பரை இறக்கிவிட்டு, ஐந்தாம் சுற்றின் முடிவில் மழை நின்றதும் திகைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை உயிரோடு பின்னால் வைத்திருந்து, ஆறாம் சுற்றின் தொடக்கத்தில் மாற்றி இறக்குங்கள்.