பல் முளைக்கும் நாய்க்குட்டிக்கு என்ன பொம்மை?

கேள்வி: எங்கள் லேப்ரடார் குட்டிக்கு நாலு மாதம். செருப்பு, கால்மிதி எதையும் விடுவதில்லை. பழைய செருப்பையே கொடுத்துவிடலாமா? தேங்காய் மட்டை போதும் என்கிறார் மாமனார்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: செருப்பு வேண்டாமுங்க அம்மணி. பழசு எது, தீபாவளிக்கு வாங்கினது எது என்று அதற்குத் தெரியாது. மட்டையும் வேண்டாம், நாரை விழுங்கினால் குடலில் அடைக்கும்.

4 முதல் 6 மாதம் வரை பால் பல் விழுந்து நிலைப்பல் வரும். ஈறு நமநமக்கும், கடிக்காமல் இருக்க முடியாது. கெட்டி ரப்பர் பொம்மை வாங்குங்கள். கடையிலேயே கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், லேசாகப் பள்ளம் விழ வேண்டும். கல்லாட்டம் இருந்தால் பல் உடையும். வாய்க்குள் முழுசாகப் போகிற பந்து தொண்டையை அடைத்துவிடும். லேப்ரடார் கிடுகிடுவென்று வளரும், அதனால் பெரிய அளவே எடுங்கள். டென்னிஸ் பந்தை எறிந்து விளையாடலாம், மென்றுகொண்டே இருந்தால் பல் தேயும். கீச்சென்று கத்தும் பொம்மையை ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு கயிறு பொம்மைக்குக் காசு கொடுப்பானேன்? பனியன் வேஸ்ட் துணியைப் பின்னி, இரண்டு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட்டால் ஆயிற்று. ஆனால் இழை பிரிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி இழுத்து அறுத்துவிடும். அப்படி நூல் ஆசனவாயில் தொங்கினால் கையால் இழுக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.