அந்த வெள்ளரிக்காயை உங்கள் கையில் ஏன் கொடுத்தார்?

கேள்வி: நான் பாளையங்கோட்டைக்காரன். பதினோரு வருடமாக அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். என் மனைவி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் கண்ணாடியால் செய்த ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒன்றை ஒளித்து வைப்பார்கள். காலையில் அதை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு பரிசு கூடுதல். 'இது எங்கள் ஜெர்மன் பாட்டன் காலத்து வழக்கம்' என்று மாமனார் வருடா வருடம் சொல்வார். முப்பது வருடமாக அவர்தான் ஒளித்து வைப்பாராம். இந்த முறை கை நடுங்குகிறது என்று என்னிடம் கொடுத்தார். நானும் எட்டிய கிளையில் மாட்டிவிட்டேன். பண்டிகைச் சாப்பாட்டின்போது அவர் மறுபடி அந்தக் கதையை ஆரம்பித்தார். ஜெர்மனியில் யாருக்குமே இது தெரியாது, வியாபாரிகள் கட்டிவிட்ட கதை என்று போனில் தேடி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். மூன்று வாரமாக மனைவி சரியாகப் பேசுவதில்லை. 'தாத்தா பொய் சொன்னாரா?' என்று ஏழு வயது மகள் கேட்கிறாள். எங்கள் வீட்டில் சவுக்குக் கிளையை வைத்து எளிமையாகக் கொண்டாடி வளர்ந்தவன் நான். உண்மையைச் சொன்னது தவறா?

பதில்: தம்பி, மாமனார்-மாப்பிள்ளை மனக்கசப்புக் கடிதங்கள் எனக்கு மாதம் பத்தாவது வரும். பணம், வீடு, மரியாதை என்று ஏதோ ஒன்று அதில் இருக்கும். உங்கள் கடிதத்தில் கண்ணாடி வெள்ளரிக்காய் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'கை நடுங்குகிறது என்று என்னிடம் கொடுத்தார்.' எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

முப்பது வருடம் வேறு யார் கையிலும் கொடுக்காத பொருள் அது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, பச்சை ஊசியிலைகளுக்கு நடுவே பச்சைக் காயை எங்கே மறைத்தால் பிள்ளைகள் திணறுவார்கள் என்று யோசித்து யோசித்து மாட்டியிருப்பார். மெல்லிய கண்ணாடி. கை நடுங்கினால் விழுந்து உடைந்துவிடும். அந்தப் பயம் வந்த வருடம் அவர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நம் ஊரில் மாமியார் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மருமகள் கையில் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்கள் வாங்கி, எட்டிய கிளையில் மாட்டியிருக்கிறீர்கள். எந்தப் பிள்ளையும் அதைத் தேடியே இருக்காது, வந்ததும் எடுத்திருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாப்பாட்டு மேசையில் நீங்கள் போனை எடுத்தீர்கள்.

போனில் படித்த விஷயம் சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 2016-ல் ஜெர்மனியில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் 91 சதவீதம் பேர் இப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னார்கள். அங்கே பரிசுகளைப் பிரிப்பது 24-ஆம் தேதி சாயங்காலம். 25-ஆம் தேதி காலையில் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு அங்கே இடமே இல்லை. இதற்குச் சொல்லப்படும் கதைகளும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில் சிறை முகாமில் பசியால் சாகக் கிடந்த, ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த சிப்பாய் ஒருவர், காவலாளி கொடுத்த ஓர் ஊறுகாய் வெள்ளரிக்காயால் பிழைத்தாராம். சத்திரக்காரன் ஊறுகாய்ப் பீப்பாயில் அடைத்த சிறுவர்களைப் புனித நிக்கோலஸ் மீட்டாராம். எதற்கும் ஆதாரம் கிடையாது. உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்று ஓர் ஊர். நெருப்பில் இளக்கிய கண்ணாடிக் குழாயை அச்சுக்குள் வைத்து ஊதி, உள்ளே வெள்ளிப் பூச்சும் வெளியே வண்ணமும் கொடுத்து மர அலங்காரங்கள் செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பழம், காய் வடிவங்களும் செய்தார்கள். 1880-களில் வுல்வொர்த் என்ற அமெரிக்கக் கடைக்காரர் ஜெர்மன் கண்ணாடி அலங்காரங்களை வாங்கிக் குவித்து விற்றார். விற்பதற்கு ஒரு கதையும் கூடவே வந்திருக்கலாம் என்பதுதான் பலருடைய ஊகம்.

சரி, கதை பொய் என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் 'ஜெர்மன்' கதையாக அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? நீங்கள் இருக்கும் அதே ஒஹையோவில், முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்குரிய காரியமாகிவிட்டது. 1918-ல் சின்சினாட்டி நகரத்தில் ஜெர்மன் பெயர் கொண்ட தெருக்களின் பெயர்களை மாற்றினார்கள். 1919-ல் எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் ஜெர்மன் கற்பிக்கக் கூடாது என்று அந்த மாநிலமே சட்டம் போட்டது. 1923-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் மாமனாரின் தாத்தா காலம் அது. அந்த வீட்டில் அப்படி நடந்ததா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பாட்டன் பேசிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத மனிதர், 'எங்கள் பாட்டன் வழக்கம்' என்று சொல்லிக் கையில் பிடித்துக்கொள்ள அவருக்கு இருந்தது இது ஒன்றுதான் என்றால், அதைத்தான் நீங்கள் பேரப்பிள்ளைகள் முன்னால் பிடுங்கினீர்கள். உங்கள் மகளுக்குத் தமிழ் எவ்வளவு வரும் என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதையும் கவனித்தேன்.

அப்புறம் அந்தச் சவுக்குக் கிளை. உங்கள் வீட்டு வழக்கம் கலப்படமில்லாதது போல எழுதியிருக்கிறீர்கள். சவுக்கு நம் மண்ணின் மரம் இல்லை தம்பி. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாக் கடற்கரைகளில் வளர்ந்ததை விறகுக்காக இங்கே கொண்டுவந்து நட்டார்கள். ஊசியிலை மரத்துக்கு எங்கே போவது? பார்வைக்குக் கொஞ்சம் அதைப்போல இருக்கிறதே என்று நம்மவர்கள் சவுக்குக் கிளையை வெட்டி மண் நிரப்பிய வாளியில் நட்டார்கள். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அம்மா அந்தக் கிளைகளில் ஒட்டவைத்திருப்பார், இல்லையா? பாளையங்கோட்டையில் எந்த டிசம்பரில் வெண்பனி கொட்டியது? உங்கள் அம்மா பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று யாராவது அதைக் கேட்டிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? உக்ரைனில் மரத்தில் சிலந்திவலை தொங்கவிடுகிறார்கள். ஏழை விதவை வீட்டு மரத்தில் சிலந்தி பின்னிய வலை விடியும்போது வெள்ளியானது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எங்கே தொடங்கியது என்று அதற்கும் திட்டமான பதில் இல்லை. வலையைத் தொங்கவிடும் பாட்டி யார் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு குடும்பத்துக்குள் மருமகளாகவோ மாப்பிள்ளையாகவோ போகிறவர்களுக்கு அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வேலையைக் கொடுத்தால், பிடிக்கிறதோ இல்லையோ, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். இதில் நான் பழைய காலத்து மனுஷிதான், மாற மாட்டேன். சந்தேகம் இருந்தால் தனியாக உட்கார்ந்து கேட்கலாம். சாப்பாட்டு மேசையில் ஒரு வயதானவரை நிரூபித்துத் தோற்கடிப்பது பிள்ளை செய்கிற காரியம் இல்லை. மனைவியின் கோபமும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய செய்தி! அதை நீங்கள் காதிலேயே வாங்கவில்லை.

மகள் கேட்டதற்கு மழுப்ப வேண்டாம். தாத்தா பொய் சொல்லவில்லை, அவருக்கு அவர் வீட்டில் சொன்னதைச் சொன்னார், அந்தக் கதை ஜெர்மனியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் உன் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து ராத்திரியில் விழித்திருந்து அதை ஒளித்து வைத்தது தாத்தாதான் என்று சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

மாமனாரிடம் போனில் பேசாதீர்கள், குறுஞ்செய்தியும் வேண்டாம். நேரில் போங்கள். படித்தது சரியா தவறா என்ற பேச்சையே எடுக்காமல், 'நீங்கள் நம்பிக் கொடுத்த வேலையை நான் ஏனோதானோ என்று செய்தேன்' என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, முதன்முதலில் அதை அவர் கையில் கொடுத்தது யார், அவர் ஒளித்ததிலேயே பிள்ளைகளுக்கு அதிக நேரம் பிடித்த இடம் எது என்று கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்லும்போது அவள் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.