டீ, பனைவெல்லம், மவுத்வாஷ்: பற்படலம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ரங்கூன், டீக்கடை ஊழியர்): அக்கா, காலையில் இருந்து ராத்திரி வரை டப்பாப்பால் டீயை இரண்டு வாய், மூன்று வாய் என்று குடித்துக்கொண்டே இருப்பேன். மொத்தமாகப் பார்த்தால் நாலு கப்தான். சீனியும் தனியாகப் போடுவதில்லை. பல் ஏன் கூசுகிறது?

பதில்: இதில் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு, தம்பி. சர்க்கரை வாயில் பட்டவுடன் பற்படலத்தில் (பல்லில் ஒட்டிப் படியும் கிருமி அடுக்கில்) இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் அதை லாக்டிக் அமிலமாக மாற்ற ஆரம்பிக்கும். வாயில் 7-ஐ ஒட்டி இருந்த பிஎச் (அமில அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்), ஐந்து பத்து நிமிடத்தில் 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லைக்குக் கீழே எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். 1940-களில் ஸ்டீபன் என்பவர் இதை அளந்து வரைந்த வளைகோட்டைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். எச்சில் வேலையை முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த வாய் குடித்துவிடுகிறீர்கள்.

சீனி போடுவதில்லை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். டப்பாப்பாலில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சேர்த்த சர்க்கரையே இருக்கிறது.

அமிலம் அடிக்கடி ஊறினால் இன்னொன்றும் நடக்கும். மியூட்டன்ஸ் தன் உடம்புக்குள் வரும் அமிலத்தை வெளியே இறைத்துத் தள்ளிப் பிழைத்துக்கொள்ளும். பல்லுக்குக் கெடுதல் குறைந்த ஸாங்குவினிஸ் போன்ற கிருமிகளுக்கு அந்தத் திறமை குறைவு, அவை ஒதுங்கிவிடும். அதே பல், அதே படலம், ஆனால் குடியிருப்பவர்கள் மாறிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: டீயைப் பத்து நிமிடத்தில் குடித்து முடியுங்கள். முடித்ததும் மேஜையில் சும்மா வைத்திருக்கும் வெறும் டீயை ஒரு வாய் விட்டுக் கொப்பளியுங்கள், அதில் சர்க்கரை கிடையாது. அடுத்த பால் டீக்கு இரண்டு மணி நேரமாவது போகட்டும். கூச்சம் ஏற்கெனவே இருப்பதால் குழி விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி (பெகு): சாப்பிட்டபின் பனைவெல்லக் கட்டியை வாயில் ஒதுக்கி வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வெள்ளைச் சீனியைவிட நல்லதுதானே?

பதில்: கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. குளுக்கோஸும் பிரக்டோஸும் அமிலம் தரும், அவ்வளவே. சுக்ரோஸ் இருந்தால் மியூட்டன்ஸ் அதை உடைத்து, தண்ணீரில் கரையாத குளுக்கான் பசையையும் நூற்றுக்கொள்ளும். படலம் பல்லோடு இறுகுவது அதனால்தான். சாப்பாட்டோடு ஒரு கட்டியைக் கடித்து மென்று முடித்தால் பெரிய கெடுதல் இல்லை. கன்னத்தில் அரை மணி ஒதுக்கி வைப்பதுதான் வினை.

கேள்வி (மோல்மேன்): 0.2 சதவீத குளோரெக்சிடின் மவுத்வாஷை இரண்டு மாதமாகப் பல் தேய்த்தவுடன் ஊற்றிக் கொப்பளிக்கிறேன். பல் பழுப்பாகிவிட்டது. ஈறில் ரத்தம் மட்டும் நிற்கவில்லை. போலி மருந்தா?

பதில்: மருந்து சரியானதாகவே இருக்கலாம் ஐயா, முறையில்தான் கோளாறு.

முதலாவது, பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, குளோரெக்சிடின் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் வாயில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மருந்து வீணாகும். தேய்த்தபின் அரை மணியாவது இடைவெளி விடுங்கள். அளவு 10 மில்லி, ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. துப்பியபின் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம்.

இரண்டாவது, சோதனைக்குழாயில் மிதக்கும் கிருமியை நொடியில் கொல்லும் மருந்து, படலத்தில் அப்படி வேலை செய்யாது. மேலடுக்கில் உள்ளவை சாகும். பசை மருந்தைப் பாதி வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் இருப்பவை தீனி குறைந்து மெதுவாக வளர்பவை, மந்தமாக இருக்கும் கிருமியை மருந்து அவ்வளவாகத் தொடாது. மிஞ்சியவை மறுபடி பெருகும். அதனால் முதலில் படலத்தைப் பிரஷால் கலைக்க வேண்டும்: மென்மையான பிரஷ், ஈறோரத்தில் 45 பாகை சாய்வு, சின்னச் சின்ன அசைவு, இரண்டு நிமிடம். பல் இடுக்குக்கு நூலோ இடைப்பல் பிரஷோ வேண்டும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

பழுப்பு நிறம் மருந்தோடு டீயின் டானின் சேர்வதால் வருவது. கிளினிக்கில் பாலிஷ் போட்டால் போய்விடும். மருத்துவர் சொல்லாமல் இதை இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். காரை (படலம் கல்லாக இறுகியது) பிடித்திருந்தால் பிரஷும் மருந்தும் ஒன்றும் செய்யாது, சுத்தம் செய்தே எடுக்க வேண்டும்.

கேள்வி (தட்டோன், ஒரு தாய்): என் பையனுக்கு இரண்டு வயது. ராத்திரி டப்பாப்பால் கரைத்த புட்டி இல்லாமல் தூங்க மாட்டான். பால்பல் எப்படியும் விழப்போகிறதுதானே?

பதில்: கடைசிக் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை அம்மா. தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறையும், அமிலத்தைக் கழுவ ஆளில்லை. போதாததற்கு மியூட்டன்ஸ் மிச்சச் சர்க்கரையைத் தன்னுள் சேமித்து, பால் தீர்ந்தபிறகும் அமிலம் விட்டுக்கொண்டிருக்கும். பையனின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளை தெரிந்தால் அது ஆரம்பம், இன்னும் திருப்பலாம். பழுப்புக் குழி என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கூட்டி, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராக்குங்கள். படுக்குமுன் 1000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட், ஓர் அரிசி அளவு. மூன்று வயதானபின் பட்டாணி அளவு.

கேள்வி (ரங்கூன்): வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொத்தை வராது என்கிறார்களே?

பதில்: வராது என்று நம்பி இருக்காதீர்கள். சுண்ணாம்பு போடுவதால் காரை தடித்து ஈறு கெடும். பாக்கு புகையிலை இல்லாமலே வாய்ப்புற்றை உண்டாக்கும். வாயைத் திறக்க இறுக்கமாக இருந்தாலோ, வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டினாலோ உடனே காட்டுங்கள்.

கேள்வி (பெகு): பல்வலிக்கு மருந்துக் கடையில் அமாக்சிசிலின் வாங்கினேன். வலி குறைந்ததும் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். மறுபடி வலிக்கிறது, மீதி மாத்திரையைப் போடலாமா?

பதில்: வேண்டாம். சொத்தைப் பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் செத்துப்போன இடத்துக்கு மாத்திரை போய்ச் சேராது. வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லை எடுக்க வேண்டும். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தாலோ பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.