நாற்பதைத் தாண்டினப்புறம் புதுசா அலர்ஜி வருமா? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: எனக்கு வயசு 46. நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர்லயே பொறந்து வளர்ந்தவ, இறால் வாங்காத வாரமே கிடையாது. போன மாசம் இறால் தொக்கு சாப்பிட்டு அரை மணி நேரம் கூட ஆகல, உதடு வீங்கி உடம்பு பூரா தடிப்பு தடிப்பா வந்துடுச்சு. பக்கத்து கிளினிக்ல அவில் ஊசி போட்டாங்க, அடங்கிடுச்சு. மாமியார் இது காணாக்கடின்னு சொல்லி வெத்தலையும் மிளகும் அரைச்சுக் குடுத்தாங்க. வீட்டுக்காரர் "இத்தனை வருஷம் வராதது இப்ப எப்படி வரும், அன்னைக்கு வாங்கின இறால் பழசா இருந்திருக்கும்"னு சொல்றார். மறுபடி கொஞ்சமா சாப்பிட்டுப் பாக்கலாமா டாக்டர்?

பதில்: கொஞ்சமா கூட வேண்டாம்மா. கேட்டு எழுதினீங்களே அதுவே எனக்கு நிம்மதி, ஏன்னா நிறைய பேர் யாரையும் கேக்காம சாப்பிட்டுப் பார்த்துட்டு ராத்திரி மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றாங்க.

இத்தனை வருஷம் சாப்பிட்டோமேங்கறது இதுல செல்லாது. உடம்பு ஒரு பொருளை இது நமக்கு ஆகாததுன்னு தப்பா முடிவு பண்ணி, அதுக்குன்னே ஐஜிஇ-ங்கற ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தைத் தயார் பண்ணி, தோல், குடல், மூச்சுக்குழாய்ல இருக்கிற மாஸ்ட் செல்கள்ங்கற நோய் எதிர்ப்பு செல்கள் மேல ஒட்ட வெச்சுக்கும், அது வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ஒரு நாள் அதே பொருள் உள்ள போனதும் அந்த செல்கள் எல்லாம் சேர்ந்து ஹிஸ்டமின்ங்கற ரசாயனத்தைக் கொட்டும், நிமிஷக் கணக்குல அரிப்பு, தடிப்பு, வீக்கம் எல்லாம் வந்துடும். இந்த முடிவை உடம்பு 3 வயசுலயும் எடுக்கலாம், 46-லயும் எடுக்கலாம். பால், முட்டை அலர்ஜி இருக்கிற குழந்தைங்களுக்கு வளர வளர பெரும்பாலும் சரியாயிடும். பெரியவங்களுக்குப் புதுசா வர்ற சாப்பாட்டு அலர்ஜியில முன்னால நிக்கிறது இறால், நண்டு வகைதான், அது வந்தா லேசுல போறதில்ல.

இதுல இன்னொரு விஷயம் உண்டு. இறால்ல அலர்ஜி பண்றது முக்கியமா ட்ரோபோமயோசின்ங்கற புரதம். கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள புரதம் மெத்தை, தலையணையில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிலயும் கரப்பான்லயும் இருக்கு. காலையில எழுந்ததும் அடுக்கடுக்கா தும்மல், மூக்கு ஒழுகல்னு வருஷக்கணக்கா இருக்கிற சிலருக்கு, பூச்சிக்குன்னு தயாரான ஆன்டிபாடி இறாலையும் அதுதான்னு நினைச்சுப் பிடிச்சுக்கும். உங்களுக்கு அப்படித் தும்மல் இருக்கான்னு எழுதல, இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. இந்தப் புரதம் கொதிக்க வெச்சாலும் அழியாது, அதனால நல்லா வேக வெச்சா போயிடும்னு நினைக்க வேண்டாம், சிலருக்கு இறால் கொதிக்கிற ஆவி பட்டாலே இழுப்பு வரும்.

வீட்டுக்காரர் சொல்றதை நான் தள்ளிடல. சூரை, அயிலை, மத்தி மாதிரி மீனை ஐஸ் போடாம வெச்சிருந்தா அதுல ஹிஸ்டமின் ஊறிடும், சமைச்சாலும் போகாது, சாப்பிட்டா அச்சு அசல் அலர்ஜி மாதிரியே முகம் சிவந்து தடிச்சுப் போகும். ஆனா அப்ப அந்த மீனைச் சாப்பிட்ட மத்தவங்களுக்கும் ஏதாவது வரும். உங்க வீட்ல அன்னைக்கு எல்லாரும் இறாலைச் சாப்பிட்டு உங்களுக்கு மட்டும்தான் வந்துச்சுன்னா கெட்டுப்போன இறால்ங்கற கதை நிக்காது. மாமியார் மேலயும் கோவப்படாதீங்க, இந்தத் தடிப்பு தானாவே சில மணி நேரத்துல அமுங்குற குணமுள்ளது, அதனால எது குடுத்தாலும் கேட்ட மாதிரித்தான் இருக்கும். அடுத்த தடவை அந்த நேரத்தைக் கஷாயத்துல கழிச்சுடக்கூடாதுங்கறதுதான் என் கவலை.

ஏன்னா அடுத்த தடவை தோலோட நிக்கும்னு உத்தரவாதம் இல்ல. தொண்டை இறுக்கம், குரல் மாறுறது, மூச்சு இழுப்பு, தலைசுத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, இதுல எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. அந்த நேரத்துல உயிரைக் காப்பாத்துறது தொடை வெளிப்பக்கத்துல சதையில போடுற அட்ரினலின் ஊசிதான். அவில் அரிப்பை அடக்கும், இறங்கின பிரஷரைத் தூக்காது, அடைச்ச மூச்சுக்குழாயைத் திறக்காது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் படுக்க வெச்சு காலை உயர்த்தி வையுங்க, மூச்சு திணறினா சாய்ஞ்சு உக்காரட்டும், எழுந்து நடக்க மட்டும் விடாதீங்க. சரியாயிடுச்சுன்னு உடனே வீட்டுக்கும் கிளம்ப வேண்டாம், சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவையும் வரலாம்.

உங்க ஊர்ல இறாலை ஒதுக்குறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியுது, பொரியல்ல கூட சென்னாக்கூனி தூவுற ஊராச்சே. அதுவும் இறால்தான், அதையும் விடணும், டாக்டர்கிட்ட அலர்ஜி டெஸ்ட் பண்ற வரைக்கும் நண்டையும் விட்ருங்க. மீனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, மீன்ல அலர்ஜி பண்ற புரதம் வேற, இது வரைக்கும் ஒத்துக்கிட்டிருந்தா தாராளமா சாப்பிடலாம். ஆனா இறால் பொரிச்ச எண்ணெயில பொரிச்ச மீன் வேண்டாம். அப்புறம் யாராவது "இறால் அலர்ஜின்னா ஸ்கேனுக்குப் போடுற அயோடின் மருந்தும் ஆகாது"ன்னு பயமுறுத்துவாங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

கேள்வி: வயசு 52, கோயம்புத்தூர். பத்து வருஷத்துக்கு மேல ஒரே ஹேர் டைதான் போடுறேன். இப்ப கொஞ்ச நாளா டை போட்டு ரெண்டு நாள் கழிச்சு நெத்தி, காது எல்லாம் அரிச்சு கண் இமை வீங்கிடுது. ரெண்டு நாள் கழிச்சு வர்றதால டையா இருக்காதுன்னு நினைக்கிறேன். பிராண்டை மாத்திப் பாக்கலாமா?

பதில்: ரெண்டு நாள் கழிச்சு வர்றதாலதான் டை மேல சந்தேகம் அதிகமாகுது சார். இது முதல் கேள்வியில சொன்ன வகை இல்ல, ரத்தத்துல இருக்கிற டி செல்கள்ங்கற நோய் எதிர்ப்பு செல்கள் நிதானமா வந்து தோலைத் தாக்குற வகை, ஒண்ணு ரெண்டு நாள் எடுத்துக்கும். காரணம் பெரும்பாலும் பிபிடி-ங்கற கெமிக்கல், கருப்பு டை பெரும்பாலானதுல அது இருக்கு, அதனால பிராண்டை மாத்தினா பெட்டிதான் மாறும். ஹெர்பல்னு போட்டிருந்தாலும், கருப்பு மருதாணின்னு வித்தாலும் பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் பண்ணுங்க, சந்தேகப்படுற பொருளை முதுகுல ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுத்து, அதுக்கப்புறமும் ஒரு தடவை பார்ப்பாங்க. பிபிடி-ன்னு வந்துட்டா அந்த டை இனி வேண்டாம், அடுத்த தடவை போன தடவையை விட மோசமா வரலாம். சுத்தமான மருதாணியும் அவுரிப் பொடியும் நல்ல கருமை குடுக்கும், நேரம்தான் அதிகமாகும். நரையோட விட்டாலும் அழகாத்தான் இருக்கும்னு என் சொந்த அபிப்ராயம்.

கேள்வி: அப்பாவுக்கு 58. அப்பப்ப உதடும் ஒரு தடவை நாக்கும் வீங்குச்சு, அரிப்பே இல்ல. கத்திரிக்காய், கருவாடு, தக்காளி எல்லாத்தையும் நிறுத்திட்டோம், அப்படியும் வருது. ரெண்டு வருஷமா பிபி மாத்திரை சாப்பிடுறார்.

பதில்: சாப்பாட்டை விடுங்க, இன்னைக்கே அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க. ராமிப்ரில், எனாலப்ரில், லிசினோப்ரில்னு "ப்ரில்"ல முடியுதா? அந்த வகை சிலருக்கு அரிப்பே இல்லாம உதடு, நாக்கு வீக்கத்தைக் கொண்டு வரும், ஆரம்பிச்சு மாசங்கள், வருஷங்கள் கழிச்சும் வரும், அதனாலதான் யாரும் மாத்திரையைச் சந்தேகப்படறதில்ல. கூடவே வறட்டு இருமலும் இருந்தா இன்னும் சந்தேகம். ஹிஸ்டமின் இதுல காரணமே இல்ல, அதனால அலர்ஜி மாத்திரை கேக்காது. அடுத்த டோஸுக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க, அதை நிறுத்திட்டு வேற வகை குடுப்பாங்க, நீங்களா பிபிக்கு ஒண்ணுமே சாப்பிடாம விட்றாதீங்க. நாக்கு வீக்கம் திரும்ப வந்தா காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

கேள்வி: வயசு 43, ரெண்டு மாசமா தினமும் சாயங்காலம் தடிப்பு வந்து காலையில மறையுது. லேப்ல நூத்துக்கணக்கான சாப்பாட்டு ஐட்டத்துக்கு பேக்கேஜ் டெஸ்ட் இருக்காம், எடுக்கட்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆறு வாரத்தைத் தாண்டி கிட்டத்தட்ட தினமும் வர்ற தடிப்புக்குச் சாப்பாடு காரணமா இருக்கிறது ரொம்ப அபூர்வம். அந்த பேக்கேஜ்ல ஐஜிஜி-ங்கற வேற வகை ஆன்டிபாடியைப் பார்க்குறாங்கன்னா அது அலர்ஜியைக் காட்டவே காட்டாது, நீங்க சாப்பிட்டதைத்தான் காட்டும். ஐஜிஇ பாசிட்டிவா வந்தாலும் சாப்பிட்டா ஒண்ணும் ஆகலைன்னா அது அலர்ஜி இல்ல. அந்தப் பேப்பரை வெச்சு கோதுமை, பருப்பு, பால் எல்லாத்தையும் விட்டுட்டு இளைச்சுப் போய் வர்றவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. தைராய்டு டெஸ்ட் எடுங்க, அதோட இதுக்குத் தொடர்பு உண்டு. முழங்கால் வலி, தலைவலின்னு பெயின் கில்லர் போடுறீங்களான்னு யோசிங்க, டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் இந்தத் தடிப்பைக் கூட்டும். தூக்கம் அதிகம் வராத அலர்ஜி மாத்திரையை டாக்டர் சொல்ற அளவுல தினமும் போடுங்க, தடிப்பு வர்ற அன்னைக்கு மட்டும் போட்டா பலன் குறைவு. தோல்ல குத்திப் பார்க்குற டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்தாங்கன்னா மட்டும், அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்திரையை நிறுத்தணுமான்னு கேட்டுக்கோங்க, இல்லன்னா டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது.