தட்டுலயே கைய கழுவிட்டு எழுந்தவர்

வணக்கம் அண்ணா,

எங்க பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர், 1971 சண்டையில மேற்கு எல்லையில இருந்திருக்கார். குளிரு, பங்கர், ரம்முன்னு எல்லாக் கதையும் சொல்வார். போன வாரம் சாப்பிடும்போது என் பையன் "தாத்தா, நீங்க யாரையாச்சும் கொன்னிருக்கீங்களா"ன்னு கேட்டுட்டான். பாதி சோத்தோட தட்டுலயே கைய கழுவிட்டு எழுந்து போனவர் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. பட்டாளத்துல இதுக்குத்தானே ட்ரெயினிங் குடுக்குறாங்க, நாட்டுக்காக செஞ்சதுதானே, அம்பது வருஷம் கழிச்சும் இதுல வருத்தப்பட என்ன இருக்கு?

அன்புள்ள தம்பி,

அந்த ட்ரெயினிங் கைக்கு மட்டும்தான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ மார்ஷல்ங்கிற அமெரிக்க ராணுவ எழுத்தாளர், சண்டையில நின்னவங்கள்ல கால்வாசிப் பேர்கூட எதிரிய பார்த்து சுடலைன்னு எழுதினார், அந்தக் கணக்க பின்னாடி நிறைய பேர் நம்பல, ஆனா அமெரிக்க ராணுவம் பயிற்சிய மாத்திடுச்சு. வட்டம் போட்ட பலகைக்கு பதிலா ஆள் உருவத்துல அட்டை, திடீர்னு எழும்பும், குண்டு பட்டா சாயும், உடனே அடுத்தது எழும்பும். யோசிக்கறதுக்குள்ள விரல் அழுத்திடணும். அப்படி பழகின 19, 20 வயசு பசங்கதான் வியட்நாம் சண்டைக்குப் போனாங்க. கை வேலைய முடிச்சிடும், மனசு பின்னாடி மெதுவா வந்து பார்க்கும், என்ன செஞ்சோம்னு. ஒரு வருஷம் முடிஞ்சா ஒவ்வொருத்தனா ப்ளேன் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டு நாள் முன்னாடி காட்டுல துப்பாக்கியோட படுத்திருந்தவன் அம்மா சமையல்கட்டுல உக்காந்திருப்பான், என்னன்னு பேசுவான் சொல்லுங்க.

1970ல நியூயார்க்ல திரும்பி வந்த வீரர்கள் சிலர் தாங்களே ஒண்ணா கூடி பேச ஆரம்பிச்சாங்க, லிஃப்டன், ஷாட்டன்னு ரெண்டு மனநல டாக்டருங்களும் கூட உக்காந்து கேட்டாங்க. அந்த மாதிரி பேச்செல்லாம் சேர்ந்துதான் 1980ல பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மன பாதிப்புங்கிற பேரே மருத்துவப் புத்தகத்துல ஏறுச்சு. ஆனா அந்தப் பேரு பெரும்பாலும் பயத்தப் பத்தினது, நமக்கு என்ன நடந்துச்சுங்கறது. நாம என்ன செஞ்சோம்ங்கறது தனி பாரம். வியட்நாம் வீரர்கள்கிட்ட எடுத்த தகவல வெச்சு ஷீரா மாகென்ங்கிற மனநல ஆய்வாளரோட குழு 2009ல வெளியிட்ட ஆய்வுல, எவ்வளவு கடுமையான சண்டைய பார்த்தாங்கங்கறத கழிச்சுட்டு பார்த்தாலும், கொன்னதா சொன்னவங்களுக்கு பாதிப்பு அதிகமா இருந்துச்சு.

நீங்க கேட்ட "நாட்டுக்காக செஞ்சதுதானே"ங்கறதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது தம்பி. ராமேஸ்வரம் போயிருப்பீங்க. ராவணன கொன்ன தோஷம் தீர ராமர் அங்க லிங்கம் வெச்சு பூஜை பண்ணார்ங்கறது தல புராணம். அத விட நியாயமான சண்டைன்னு நம்ம ஊர்ல எதையும் சொல்ல மாட்டாங்க, அப்பவும் கதை கட்டினவங்க யாரும் "நீ செஞ்சது சரிதானே, வீட்டுக்குப் போ"ன்னு ராமர அனுப்பிடல. மொதல்ல கடற்கரையில ஒக்கார வெச்சாங்க. நியாயமா இருந்தாலும் கொலை கொலைதான், அத எறக்கி வைக்க ஒரு எடம் வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க பெரியப்பாவுக்கு நாம பென்ஷன் குடுத்தோம், ஆகஸ்ட் பதினஞ்சுக்கு சால்வை போர்த்தினோம், அந்த எடத்த குடுக்கல.

பையன திட்டாதீங்க, சின்னப் பையன், தெரியாம கேட்டுட்டான். பெரியப்பாகிட்டயும் இத எடுத்து வெச்சு நோண்ட வேண்டாம், கூட இருந்த ரெஜிமென்ட் ஆளுங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா ஒருநாள் வண்டியில கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வாங்க, அவங்களுக்குள்ள பேசிப்பாங்க. தூக்கம் கெட்டுப்போச்சு, குடி கூடுதுன்னா ஈசிஹெச்எஸ்னு முன்னாள் ராணுவத்தினருக்கு இருக்கிற மருத்துவத் திட்டத்தோட பாலிகிளினிக்ல சொல்லி மனநல டாக்டர பாக்க வைங்க, தள்ளிப்போடாதீங்க. என்னைக்காச்சும் அவரே உங்ககிட்ட ஆரம்பிச்சார்னா வாய தெறக்காம கேளுங்க, "அதனால என்ன பெரியப்பா, நாட்டுக்காகத்தானே"ன்னு மட்டும் நடுவுல சொல்லிடாதீங்க, மறுபடியும் தட்டுலயே கைய கழுவிட்டு எழுந்துருவார்.