180 லிட்டர் வடிகட்டி ஒன்றரை லிட்டர் வெளியே: சிறுநீரகம் கேள்வி பதில்

செவிலியர் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கிற டாக்டரைக் கேட்டுத்தான்.

சார், கிட்னி ஒரு ஃபில்டர். அழுக்கைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. இதற்கு ஏன் பாடத்தில் இத்தனை பக்கம்? (நர்சிங் முதலாம் ஆண்டு மாணவி)

அழுக்கைப் பிடிப்பதே இல்லையம்மா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டையும் சேர்த்தால் எடை 300 கிராம் அளவுதான். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணிய அலகுகள். நெஃப்ரானின் முனையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பந்தாகச் சுருண்டு கிடக்கும். ரத்த அழுத்தத்தின் தள்ளலில் நீர்ப்பகுதி அங்கே கசிந்து இறங்குகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் நின்றுவிடும். உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா எல்லாம் சேர்ந்தே இறங்கும். ஒரு நாளைக்கு 180 லிட்டர். உடம்பிலுள்ள பிளாஸ்மாவே (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மூன்று லிட்டர்தான், அப்படியென்றால் அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அசல் வேலை அதற்குப் பிறகு. போகிக்கு வீடு ஒழிக்கிறவர்கள் சாமானையெல்லாம் வாசலில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோவார்களே, அதே முறை. நெஃப்ரானின் நீண்ட குழாய் நீரில் 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையைப் பெரும்பாலும் முதல் வளைவிலேயே முழுதாக மீட்டுவிடுகிறது. இந்த முறையில் ஒரு சாமர்த்தியம் உண்டு. புதிதாக ஒரு வேண்டாத பொருள் ரத்தத்தில் கலந்தால், அது இன்னதென்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. திரும்ப எடுக்காவிட்டால் போதும், பெரும்பாலும் போய்விடும்.

அம்மாவுக்கு வயது 68. கிரியாட்டினின் 1.2. லேப் சீட்டில் 'நார்மல்' என்றே இருக்கிறது. ஆனால் டாக்டர் முகம் சுளிக்கிறார். எதை நம்புவது?

டாக்டரை. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதை வெளியேற்றுவது சிறுநீரகம். ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கு 1.2 இருந்தால், கணக்கிட்ட வடிகட்டும் வேகம் (இ.ஜி.எஃப்.ஆர்.) 85-ஐ ஒட்டி வரும். தசை குறைந்த 68 வயது அம்மாவுக்கு அதே 1.2, 50-ஐ ஒட்டிப் போய்விடும். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போகும்வரை கிரியாட்டினின் பெரிதாக அசையாது, வலியும் இருக்காது. ஆகவே அந்தச் சீட்டின் ஓரத்தில் உள்ள 'நார்மல்' அளவு எல்லாருக்கும் ஒன்றாக அச்சடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டையும் செய்வது நல்லது. நம் ஊரில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ஆதங்கம்.

பீர் குடித்தால் கல் கரையும் என்கிறார்களே?

கரையாது. தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஏ.டி.எச். ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுகிறது. அதனால் அடிக்கடி போகும், அவ்வளவுதான். மறுநாள் நா வறண்டு எழுவதும் அதனால்தான். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட். தினம் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள். கால்சியம் என்று பயந்து பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டோடு சேரும் கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். வாழைத்தண்டுப் பொரியல் நல்ல கறிதான், அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன். கிட்னி கெடும் என்று மருமகள் சத்தம் போடுகிறாள்.

மருமகள் பேச்சைக் கேளுங்கள். நெஃப்ரானுக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைப்பதில், உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்குப் பங்குண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. ஆரோக்கியமானவர் இரண்டு நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வயதானவர், பிரஷருக்கு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியவர் போட்டால் வடிகட்டும் அழுத்தம் சட்டென்று விழும்.

அப்பாவுக்கு டயாலிசிஸ். ரத்தம் குறைவு என்று ஊசி போடுகிறார்கள். கிட்னிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. டயாலிசிஸ் இயந்திரம் கழிவையும் மிகுந்த நீரையும் எடுக்கும்; ஹார்மோன் சுரக்கத் தெரியாது. அந்த ஊசி அதற்குப் பதில். கூடவே ஒன்று: அவருக்கு இளநீர் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. வெளியேற்ற வழியில்லாமல் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

தம்பிக்கு ஒரு கிட்னி கொடுக்கப்போகிறேன். பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பார்களா?

இல்லை. பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்புக்கு உட்புறம் வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு தைப்பார்கள். சிறுநீர்ப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1954-ல் பாஸ்டனில் ஒற்றைக்கரு இரட்டையரிடையே நடந்த முதல் வெற்றியிலிருந்து புதியதை இந்த இடத்தில் வைப்பதுதான் வழக்கம். வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே செய்துவிட்டார்கள். உங்களிடமிருந்து பெரும்பாலும் இடது சிறுநீரகத்தை எடுப்பார்கள், அதன் சிரை நீளம். மிஞ்சியது கொஞ்சம் பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டிவிடும். புது நெஃப்ரான் எதுவும் முளைக்காது, இருப்பவைதான் கூடுதலாக உழைக்கும். அதனால் வருடாந்தரப் பரிசோதனையை விடாதீர்கள். பின்னாளில் தம்பிக்கு ஸ்கேன் எடுத்து 'மூன்று சிறுநீரகம்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.